டேபிள்களை எப்படி இணைப்பது: பெயராலா, எண்ணாலா, நம்பிக்கையாலா?

ஒரு நூலகத்தின் இரவல் கணக்கு. யார், எந்தப் புத்தகத்தை, எந்தத் தேதியில் எடுத்தார், இவ்வளவுதான் வேண்டும். டேட்டாபேஸுக்குப் புதியவர்கள் முதல் நாள் அநேகமாக இப்படித்தான் எழுதுவார்கள்:

| உறுப்பினர் | தொலைபேசி | புத்தகம் | எடுத்த தேதி |
|---|---|---|---|
| கயல்விழி | …41 | வானியல் அறிமுகம் | மார்ச் 3 |
| மாறன் | …77 | தோட்டக்கலை | மார்ச் 5 |
| கயல்விழி | …41 | தோட்டக்கலை | மார்ச் 19 |
| கயல் விழி | …58 | வானியல் அறிமுகம் | ஏப்ரல் 2 |

நான்காவது வரியைப் பாருங்கள். பெயருக்கு நடுவே ஓர் இடைவெளி. தொலைபேசி எண்ணும் வேறு. அதே கயல்விழிதான் எண்ணை மாற்றிக்கொண்டு வந்தாரா, இல்லை இவர் வேறு ஆளா? டேபிளுக்குள் எவ்வளவு தேடினாலும் பதில் கிடைக்காது. நூலகருக்கு முகம் தெரியும். டேட்டாபேஸுக்குத் தெரியாது.

டேபிள்களைப் பிரிப்பது, இணைப்பது என்ற பேச்செல்லாம் இந்த நான்காவது வரியால் வந்ததுதான். இணைக்கப் பல வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வக்காலத்து வாங்க ஆளும் உண்டு. அவற்றை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் சாய்வை மறைக்கப் போவதில்லை.

(சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை: எல்லோரும் பேச்சில் சொல்வதுபோல ‘காலம்’ என்று எழுதினால் நேரம் என்று படித்துவிடுவீர்கள். அதனால் மேலிருந்து கீழே போவதை நெடுவரிசை என்றும், இடமிருந்து வலம் போவதை வரி என்றும் எழுதுகிறேன்.)

இணைப்பு என்று எதைச் சொல்கிறோம்

டேபிள்களுக்கு நடுவே உறவு இருப்பதால்தான் ரிலேஷனல் டேட்டாபேஸ் என்று பெயர் வந்தது என்று நான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970இல் இந்த முறையைக் கட்டுரையாக முன்வைத்தபோது, கணிதத்தில் ‘ரிலேஷன்’ என்று வழங்கும் கருத்திலிருந்து சொல்லை எடுத்தார். அவர் கணக்கில் ரிலேஷன் என்பது டேபிளேதான். நாம் படம் போடும்போது டேபிள்களுக்கு நடுவே இழுக்கும் கோட்டுக்கு அந்தப் பெயரோடு சம்பந்தம் இல்லை.

அதற்கு முன்பிருந்த டேட்டாபேஸ்களில் ஒரு பதிவிலிருந்து இன்னொரு பதிவுக்குப் போக, அது எங்கே கிடக்கிறது என்று சொல்லும் சுட்டியைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். காட் அந்தச் சுட்டியை எடுத்துவிட்டார். அவருடைய முறையில் இரண்டு டேபிள்கள் இணைந்திருக்கின்றன என்றால், இரண்டிலும் ஒரே மதிப்பு எழுதியிருக்கிறது, அவ்வளவே. இரவல் டேபிளில் 7 என்று இருக்கிறது, உறுப்பினர் டேபிளிலும் 7 என்று ஒரு வரி இருக்கிறது. நடுவில் கயிறும் இல்லை, கம்பியும் இல்லை.

இதைப் பிடித்துக்கொண்டால் மீதிக் குழப்பமெல்லாம் இரண்டே கேள்விகளாகச் சுருங்கிவிடும். எந்த மதிப்பை எழுதுவது? இரண்டு பக்கமும் பொருந்தித்தான் இருக்கிறதா என்று யார் காவல் காப்பது?

முதலில், பிரிக்கத்தான் வேண்டுமா?

எப்போதும் வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் நிகழ்ச்சிக்கு வந்தவர்களின் பட்டியல், ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடும் கருத்துக் கணிப்பு, கருவி தானாக எழுதிக்கொண்டே போகும் பதிவேடு, இதற்கெல்லாம் ஒரே டேபிள் போதும். எழுதியதைத் திருத்தப் போவதில்லை என்றால், ஒன்றையே பத்து இடத்தில் எழுதியிருப்பதால் பெரிய கேடு ஒன்றும் இல்லை.

திருத்தம் வரும் என்றால்தான் சிக்கல். கயல்விழியின் எண் மாறியது; மூன்று வரியில் இரண்டில் மாற்றினோம், ஒன்றை விட்டுவிட்டோம். இனி டேபிள் தனக்குத்தானே முரண்படுகிறது. எது சரி என்று கேட்டால் இரண்டும் சரி என்றுதான் சொல்லும். இது எல்லோருக்கும் தெரிந்த சிக்கல். அவ்வளவாகக் கண்ணில் படாத இன்னும் இரண்டு உண்டு. புதிதாகச் சேர்ந்து இன்னும் எதையும் எடுக்காத உறுப்பினரை இந்த டேபிளில் எழுதவே முடியாது, ஏனென்றால் இரவல் இல்லாமல் வரி இல்லை. மாறனின் ஒரே இரவல் வரியை அழித்தால், மாறன் என்று ஒருவர் இருந்ததே மறந்துபோகும்.

உறுப்பினர் ஒரு சங்கதி, புத்தகம் ஒரு சங்கதி, இரவல் இன்னொரு சங்கதி. ஒன்று பிறக்காமலே மற்றொன்று பிறக்க முடியும் என்றால் அவற்றுக்குத் தனித்தனி டேபிள். பிரிக்கலாமா என்று தயங்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது ஒன்றுதான். டேபிள்களைப் பிரிப்பதற்கான இயல்பாக்க விதிகளை முதல் நிலை, இரண்டாம் நிலை என்று மனப்பாடம் செய்வதைவிட இது பயன்படுகிறது. விதிகளைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

எந்த மதிப்பை எழுதுவது

பிரித்தாயிற்று. இப்போது இரவல் டேபிளில், இது யாருடைய இரவல் என்று காட்ட எதையாவது எழுத வேண்டும்.

பெயரையே எழுதலாமே என்றுதான் முதலில் தோன்றும். திறந்து பார்த்தால் படிக்க முடிகிறது, வசதி. ஆனால் ஒரே பெயரில் இருவர் இருக்கலாம். பெயர் மாறலாம். தமிழில் இதற்கு மேலும் ஒரு வம்பு இருக்கிறது. ‘மௌனம்’ என்று ஔகாரக் குறி போட்டும் எழுதுகிறார்கள்; ஒற்றைக் கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரத்தைத் தட்டி ‘மெளனம்’ என்றும் எழுதுகிறார்கள். திரையில் பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு வேறு சொல். ‘கொ’ இன்னும் மோசம். யூனிகோடில் அதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். இங்கே எழுத்துப்பிழை என்று ஒன்றுகூட இல்லை. இருந்தும், சேமிக்கும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால் பொருத்தம் தவறலாம். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லாத பிழை இது. பெயரை வைத்து இணைத்த டேபிளில் இப்படி நாலு வரி காணாமல் போனால், அரை நாள் அதற்கே போய்விடும்.

சரி, பெயர் வேண்டாம். உலகத்தில் ஏற்கெனவே ஒரு எண் இருக்கிறதே, அதை வைத்துக்கொள்ளலாமா? புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் என்ற அடையாள எண் இருக்கிறது. ஆளுக்குத் தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தொலைபேசி எண் மாறும் என்பதை மேலேயே பார்த்தோம். ஐஎஸ்பிஎன் மாறாது என்று நினைப்பீர்கள். 2007 ஜனவரி 1இல் அது 10 இலக்கத்திலிருந்து 13 இலக்கத்துக்குப் போனது. அதை இணைப்பு மதிப்பாக எல்லா டேபிளிலும் எழுதி வைத்தவர்கள் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். போதாததற்கு, அந்த எண் முறை வருவதற்கு முன் அச்சான பழைய புத்தகங்களுக்கு ஐஎஸ்பிஎன்னே கிடையாது. வெளியாள் கொடுக்கும் எண்ணின் ஆயுள் அந்த வெளியாள் கையில்தான் இருக்கிறது.

அதனால் மூன்றாவது வழி: எந்தப் பொருளும் இல்லாத ஓர் எண். 1, 2, 3 என்று டேட்டாபேஸே கொடுத்துக்கொண்டு போகும். இதுதான் உறுப்பினர் டேபிளின் பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டும் மதிப்பு. இதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. அதுவே இதன் பலம். அர்த்தம் இல்லாததை மாற்றச் சொல்லி யாரும் வந்து கேட்க மாட்டார்கள். கயல்விழி பெயரை மாற்றிக்கொள்ளலாம், எண்ணை மாற்றிக்கொள்ளலாம், வீட்டை மாற்றிக்கொள்ளலாம். அவர் என்றும் 7தான். ஐஎஸ்பிஎன்னைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதைப் புத்தக டேபிளில் ஒரே ஓர் இடத்தில், இரட்டிப்பு வராதபடி யூனிக் என்று குறித்து வையுங்கள். அது ஒரு தகவலாக இருக்கட்டும், இணைப்பாக வேண்டாம்.

யூயூஐடி என்று ஒன்றையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 128 பிட் நீளம். டேட்டாபேஸைக் கேட்காமலே எங்கே வேண்டுமானாலும் உருவாக்கிக்கொள்ளலாம். இணையம் இல்லாத இடத்தில் பல கருவிகளில் பதிவு செய்துவிட்டுப் பிறகு ஒன்றுசேர்க்கும் வேலை என்றால் அதை எடுங்கள். இல்லையென்றால் சாதாரண எண்ணே போதும். நாலு பைட் எண் 2,147,483,647 வரை போகும், எட்டு பைட் எண் தீர்ந்துபோனதாக நான் கேள்விப்பட்டதில்லை. பிழை தேடும்போது ‘உறுப்பினர் 7’ என்று வாயால் சொல்ல முடிவதும் சின்ன விஷயம் இல்லை.

எந்தப் பக்கத்தில் எழுதுவது

எண் கிடைத்துவிட்டது. அதை உறுப்பினர் டேபிளில் எழுதுவதா, இரவல் டேபிளில் எழுதுவதா? ஓர் உறுப்பினருக்குப் பல இரவல் இருக்கலாம். ஓர் இரவலுக்கு உறுப்பினர் ஒருவர்தான். ஆகவே பல இருக்கும் பக்கத்தில் எழுத வேண்டும்: இரவல் வரியில் உறுப்பினர் எண். தலைகீழாக, உறுப்பினர் வரியில் இரவல்1, இரவல்2, இரவல்3 என்று நெடுவரிசை போட ஆரம்பித்தால் நான்காவது இரவல் வரும் நாளில் டேபிளையே மாற்ற வேண்டும். இதில் வாதம் செய்ய ஒன்றும் இல்லை, அடுத்ததற்குப் போகலாம்.

இரண்டு பக்கமும் பல இருக்கும்போதுதான் நிஜமான தேர்வு வருகிறது. ஒரு புத்தகத்தை மூவர் சேர்ந்து எழுதியிருக்கலாம். ஒருவர் பத்துப் புத்தகம் எழுதியிருக்கலாம். எண்ணை எந்தப் பக்கம் எழுதினாலும் ஒரு கட்டத்தில் ஒன்றுக்கு மேல் எழுத வேண்டியிருக்கிறது.

காற்புள்ளி போட்டு எழுதும் வழி இங்கேதான் ஆசை காட்டும். புத்தக வரியில் எழுத்தாளர்கள் என்று ஒரு நெடுவரிசை, அதில் ‘1,11,21’. நானும் செய்திருக்கிறேன். ஆரம்பத்தில் ஒருவருக்காகச் சின்னதாக ஒரு நூலகக் கணக்கு எழுதிக் கொடுத்தபோது இதே வேலைதான். முதல் வாரம் அருமையாக ஓடியது. மொத்தம் ஒன்பது எழுத்தாளர்கள். பத்தாவது எழுத்தாளர் சேர்ந்த அன்று, 1ஆம் எண் எழுத்தாளரின் புத்தகங்களைத் தேடினால் 10ஆம் எண்ணின் புத்தகமும் கூடவே வந்தது. எழுத்துக்களுக்குள் ‘1’ இருக்கிறதா என்று தேடினால் 10இலும் இருக்கிறது, 21இலும் இருக்கிறது. அவர் என்னைக் கூப்பிட்டு, “இவர் எப்போது கவிதை எழுதினார்?” என்று கேட்டார்.

ஒட்டுப் போட்டேன். பட்டியலின் முன்னும் பின்னும் காற்புள்ளி சேர்த்து ‘,1,11,21,’ என்று வைத்து, ‘,1,’ என்று தேடினேன். வேலை செய்தது. பிறகு யாரோ கையால் திருத்தும்போது காற்புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி விட்டார், மறுபடி உடைந்தது. அப்புறம், ஒவ்வொருவரும் எத்தனை புத்தகம் எழுதியிருக்கிறார் என்ற எளிய கேள்வி வந்தது. அதற்கு ஒவ்வொரு வரியையும் எடுத்து, காற்புள்ளியில் வெட்டி, நிரலில் எண்ண வேண்டியிருந்தது. எழுத்தின் நடுவில் தேடுவதால், தேடலை வேகமாக்க வைக்கும் சாதாரண இண்டெக்ஸும் உதவாது. ஒவ்வொரு முறையும் டேபிள் முழுவதையும் படித்தாக வேண்டும். ஓர் எழுத்தாளரை அழித்தபோது, அவர் எண் எந்தெந்தப் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கிறது என்று டேட்டாபேஸுக்குத் தெரியவும் இல்லை.

எழுத்தாளர்1, எழுத்தாளர்2, எழுத்தாளர்3 என்று மூன்று நெடுவரிசை வைப்பது இதற்குக் கொஞ்சம் மேல். 1ஐயும் 10ஐயும் குழப்பாது. ஆனால் தேடும்போது மூன்று நெடுவரிசையிலும் தேட வேண்டும், நாலாவது எழுத்தாளர் வந்தால் இடம் இல்லை, ஒருவரே எழுதியிருந்தால் இரண்டு காலி.

போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசைக்குள்ளேயே எண்களின் அணியை (பட்டியலை) வைக்கலாம். ஜேசான் என்ற எழுத்து வடிவத்தில் பட்டியலை வைக்கும் வசதி இப்போது பல டேட்டாபேஸ்களில் இருக்கிறது. தேடுதல் சிக்கலை இவை உண்மையிலேயே தீர்க்கின்றன, பொருத்தமான இண்டெக்ஸும் போடலாம். ஆனால் அணிக்குள் இருக்கும் ஒவ்வோர் எண்ணும் எழுத்தாளர் டேபிளில் இருக்கிறதா என்று ஃபாரின் கீயால், அதாவது ‘இந்த எண் அந்த டேபிளில் இருந்தே ஆக வேண்டும்’ என்று டேட்டாபேஸுக்குச் சொல்லிவைக்கும் அறிவிப்பால், காவல் காக்க முடியாது. வேறு டேபிளைச் சுட்டாத தகவல் என்றால், உதாரணமாகப் புத்தகத்தின் குறிச்சொற்கள், அணியில் வைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். சுட்டுவது என்றால் வேண்டாம்.

மிச்சம் இருப்பது நடு டேபிள். புத்தக எண், எழுத்தாளர் எண் என்று இரண்டே நெடுவரிசை. மூவர் எழுதிய புத்தகத்துக்கு மூன்று வரி:

| புத்தக எண் | எழுத்தாளர் எண் | பங்கு | பெயர் வரும் இடம் |
|---|---|---|---|
| 52 | 1 | எழுத்தாளர் | 1 |
| 52 | 11 | எழுத்தாளர் | 2 |
| 52 | 21 | மொழிபெயர்ப்பாளர் | 3 |

கடைசி இரண்டு நெடுவரிசைகள் எப்படி வந்தன என்று கேட்கலாம். நடு டேபிளை வைத்த பிறகு அவை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். யார் மொழிபெயர்ப்பாளர், அட்டையில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்பதெல்லாம் புத்தகத்தின் குணமும் இல்லை, ஆளின் குணமும் இல்லை. இருவருக்கும் நடுவில் உள்ள உறவின் குணம். காற்புள்ளிப் பட்டியலில் இதை எழுத இடமே கிடையாது. புத்தக எண், எழுத்தாளர் எண் இரண்டையும் சேர்த்தே பிரைமரி கீயாக வைத்தால், ஒரே ஆளை ஒரே புத்தகத்துக்கு இருமுறை சேர்க்கவும் முடியாது. (ஒருவரே எழுதி அவரே மொழிபெயர்த்தார் என்றால் பங்கையும் கீயில் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

யோசித்துப் பார்த்தால் நம் இரவல் டேபிளும் ஒரு நடு டேபிள்தான். உறுப்பினருக்கும் புத்தகத்துக்கும் நடுவில் நிற்கிறது, தன் பங்குக்குத் தேதியை வைத்துக்கொண்டிருக்கிறது.

இதன் குறை என்ன? டேபிள் ஒன்று கூடுகிறது. படிக்க இன்னொரு ஜாயின் (டேபிள்களைச் சேர்த்துக் காட்டும் கட்டளை) எழுத வேண்டும். புத்தகத்தைச் சேர்க்கும்போது இரண்டு டேபிளில் எழுத வேண்டும். பாதியில் நின்றுவிடாமல் இருக்க இரண்டையும் ஒரே பரிவர்த்தனைக்குள், அதாவது இரண்டும் நடக்கும் அல்லது எதுவும் நடக்காது என்ற கட்டுக்குள், வைக்க வேண்டும். இவ்வளவுதான்.

யார் காவல் காப்பது

இரவல் டேபிளில் உறுப்பினர் எண் 7 என்று இருக்கிறது. உறுப்பினர் டேபிளில் 7 என்று ஒரு வரி உண்மையில் இருக்கிறதா? இதை நம் நிரல் பார்த்துக்கொள்ளலாம். அல்லது ஃபாரின் கீ என்று அறிவித்து டேட்டாபேஸிடமே விட்டுவிடலாம்.

நிரலே பார்த்துக்கொள்ளும் என்பவர்கள் சொல்லும் காரணங்களில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு முறை எழுதும்போதும் டேட்டாபேஸ் போய்ச் சரிபார்ப்பதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும். பழைய தரவை மொத்தமாக ஏற்றும்போது, உறுப்பினரை முதலில் ஏற்று, பிறகு இரவலை ஏற்று என்று வரிசை பார்க்க வேண்டும். டேட்டாவைப் பல சர்வர்களில் பிரித்து வைத்திருக்கும் பெரிய இடங்களில் ஃபாரின் கீ வைப்பதே கடினம். ஆனால் இதைப் படிக்கும் நீங்கள் பல சர்வரில் பிரித்து வைக்கும் நிலையில் இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவைப்படாது.

நிரலை நம்புவதில் உள்ள ஓட்டை, ஒரே டேட்டாபேஸை ஒரே நிரல் மட்டும் தொடுவதில்லை என்பதுதான். இன்று ஒரு வலைத்தளம். நாளை கைப்பேசிச் செயலி. நாளன்றைக்கு ராத்திரி ஓடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். ஒரு அவசரத்தில் நீங்களே நேராக உள்ளே போய் ஒரு வரியை அழிப்பீர்கள். இதில் ஒருவர் சரிபார்க்க மறந்தாலும் அனாதை வரிகள் பிறந்துவிடும். அனாதை வரி சத்தம் போடாது. உறுப்பினரையும் இரவலையும் சேர்த்துப் பார்க்கும் அறிக்கையில் அது வராது, இரவலை மட்டும் எண்ணும் அறிக்கையில் வரும். இரண்டு அறிக்கையும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று மாதக் கடைசியில் யாராவது கேட்கும்போதுதான் தெரியும். அதற்குள் 7 யார் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

ஃபாரின் கீ இருந்தால் அந்தத் தவறு நடக்கும் நொடியிலேயே முகத்தில் அடித்த மாதிரி ஒரு பிழைச் செய்தி வரும். எரிச்சலாகத்தான் இருக்கும். தவறு செய்தவர் அப்போது எதிரிலேயே இருக்கிறார் என்பதால் அந்த எரிச்சல் மலிவு.

ஆனால் அறிவித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கற்றுக்கொள்பவர்கள் அதிகம் தொடும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் ஃபாரின் கீ காவல் 2009இல் வந்த 3.6.19 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஆனால் வழக்கமாக அது அணைந்தே கிடக்கும். டேட்டாபேஸைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதற்கான பிராக்மா கட்டளையைக் கொடுத்து ஏற்றிவிட வேண்டும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் பழைய மைஐசாம் வகை டேபிள்கள் ஃபாரின் கீ அறிவிப்பை மறுக்காமல் வாங்கிக்கொண்டு, கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். 5.5 பதிப்பிலிருந்து இன்னோடிபி வகையே இயல்பானது என்பதால் இப்போது இந்த வம்பு குறைவு. எதுவானாலும் ஒரு சோதனை செய்து பாருங்கள்: இல்லாத உறுப்பினர் எண் 99999 போட்டு ஓர் இரவலைச் சேர்த்துப் பாருங்கள். சேர்ந்துவிட்டால் காவலாளி தூங்குகிறார்.

இன்னொன்று: ஃபாரின் கீ நெடுவரிசை காலியாக, அதாவது ‘நல்’லாக (NULL) இருந்தால் காவலாளி தடுக்க மாட்டார். யாருடையது என்றே தெரியாத இரவல் இருக்கக் கூடாது என்றால், காலியாக விடக் கூடாது என்பதையும் தனியாகச் சொல்ல வேண்டும்.

அழிக்கும்போது என்ன செய்வது என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். உறுப்பினர் 7ஐ அழிக்கப் போகிறோம், அவருக்கு இரவல் வரிகள் இருக்கின்றன. மூன்று வழி: அழிக்கவே விடாமல் தடுப்பது, இரவல்களையும் சேர்த்து அழிப்பது, இரவலில் உறுப்பினர் எண்ணைக் காலியாக்குவது. சேர்த்து அழிக்கும் கேஸ்கேட் வழி கவர்ச்சியானது; ஒரு கட்டளையில் எல்லாம் சுத்தம். அதனாலேயே அதைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். உறுப்பினரை அழித்தால் இரவல் போகும், இரவலை அழித்தால் அதோடு இணைந்த அபராதக் கணக்கு போகும்; சங்கிலி எங்கே முடியும் என்பது அழிப்பவர் கண்ணுக்குத் தெரியாது. தாய் இல்லாமல் பிள்ளைக்குப் பொருளே இல்லாத இடத்தில் மட்டும் கேஸ்கேட் வைக்கிறேன்: புத்தகத்தை அழித்தால் நடு டேபிளில் அதன் வரிகள் போகட்டும், நஷ்டமில்லை. வரலாறு எதுவானாலும் தடை. விலகிப்போன உறுப்பினரை அழிக்காமல், விலகிய தேதி என்று ஒரு நெடுவரிசையில் குறித்துவிட்டால் போதும்.

ஒரு சின்ன வித்தியாசம்: ஃபாரின் கீ வைத்தால் அந்த நெடுவரிசைக்கு இன்னோடிபி தானே இண்டெக்ஸ் போட்டுக்கொள்ளும். போஸ்ட்கிரஸ் போடாது. நீங்கள்தான் போட வேண்டும். இல்லையென்றால் ஓர் உறுப்பினரை அழிக்கும்போது இரவல் டேபிள் முழுவதையும் அது துழாவும்.

சேர்த்துப் படிப்பது

பிரித்து வைத்ததைச் சேர்த்துக் காட்ட ஜாயின் வேண்டும். சாதாரண இன்னர் ஜாயின் இரண்டு பக்கமும் பொருந்தியதை மட்டும் தரும். இன்னும் எதையும் எடுக்காத உறுப்பினர் அதில் வர மாட்டார். அவரும் வர வேண்டும் என்றால் லெஃப்ட் ஜாயின். எது வேண்டும் என்பது கேள்வியைப் பொறுத்தது. ‘இரவல்களைக் காட்டு’ என்றால் இன்னர். ‘எல்லா உறுப்பினரையும், இருந்தால் அவர்கள் இரவலையும் காட்டு’ என்றால் லெஃப்ட். ‘இருந்தால்’ என்ற சொல் வாயில் வந்தால் லெஃப்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. எல்லா உறுப்பினரையும் மார்ச் மாத இரவலோடு காட்ட நினைத்து, லெஃப்ட் ஜாயின் எழுதி, ‘தேதி மார்ச்சில் இருக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைக் கடைசியில் ‘வேர்’ (WHERE) பகுதியில் வைப்பீர்கள். எடுக்காதவருக்குத் தேதி காலி. காலியானது மார்ச்சில் இல்லை. ஆகவே அவர் வெளியே. கஷ்டப்பட்டு எழுதிய லெஃப்ட் ஜாயின் சத்தமில்லாமல் இன்னராகிவிட்டது. நிபந்தனையை இணைக்கும் இடத்திலேயே, ‘ஆன்’ (ON) பகுதியில், வைத்தால் சரியாகிவிடும்.

இன்னொரு பொறி பெருக்கல். மூன்று பேர் எழுதிய புத்தகம், இதுவரை நாலு முறை இரவல் போயிருக்கிறது. புத்தகத்தோடு எழுத்தாளரையும் இரவலையும் ஒரே க்வெரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியில்) சேர்த்தால் 3 × 4, 12 வரி வரும். அதை எண்ணி, 12 முறை இரவல் போயிருக்கிறது என்று அறிக்கை கொடுப்பீர்கள். இரட்டிப்பை நீக்கும் டிஸ்டிங்க்ட்டைப் போட்டு மூடி மறைப்பதைவிட, இரவலைத் தனியாக எண்ணிவிட்டு அந்த எண்ணிக்கையைப் புத்தகத்தோடு சேர்ப்பது நல்லது.

ஜாயினே வேண்டாம் என்று துண்டு துண்டாகக் கேட்பவர்களும் உண்டு: 50 இரவல்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உறுப்பினர் பெயரைத் தனித்தனியாகக் கேட்பது. மொத்தம் 51 க்வெரி. உங்கள் கணினியில் வேகமாகத்தான் இருக்கும். டேட்டாபேஸ் வேறு சர்வருக்குப் போன நாளில் பக்கம் ஊர்ந்து திறக்கும். நம் நிரலுக்காக க்வெரிகளைத் தாமே எழுதும் ஓஆர்எம் கருவிகள் இதை நமக்குத் தெரியாமலே செய்வதால், என்ன க்வெரி போகிறது என்று ஒருமுறை பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ஜாயின் பிடிக்கவில்லையென்றால் நடுவழி ஒன்று உண்டு: 50 இரவலையும் ஒரு க்வெரியில் எடுத்து, அதில் வரும் உறுப்பினர் எண்களைத் திரட்டி, எல்லாப் பெயரையும் இரண்டாவது க்வெரியில் மொத்தமாகக் கேட்பது. இதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

நகல் எடுப்பது எப்போது சரி

இவ்வளவு நேரம் ஒன்றை இரண்டு இடத்தில் எழுதாதே என்றேன். விதிவிலக்குபோலத் தெரியும் ஓர் இடம் இருக்கிறது. நூலக விதிப்படி இரவல் 14 நாள். திருப்பித் தர வேண்டிய தேதியை இரவல் வரியில் எழுதுவதா, எடுத்த தேதியோடு விதியைக் கூட்டி ஒவ்வொரு முறையும் கணக்கிடுவதா? கணக்கிட்டால் போதும் என்று தோன்றும். அடுத்த வருடம் விதி 21 நாளாக மாறினால், பழைய இரவல்களுக்கெல்லாம் தேதி தானாக நகர்ந்துவிடும். அன்று தாமதமாகத் தந்து அபராதம் கட்டியவர் இன்று தாமதமே இல்லாதவராகிவிடுவார். அன்று அவரிடம் சொன்ன தேதி ஒரு தனித் தகவல். இன்றைய விதி இன்னொரு தகவல். அதனால் இரவல் வரியில் எழுதி வைப்பதே சரி. வேகத்துக்காக நகல் எடுப்பது வேறு விஷயம். அதை, நிஜமாகவே மெதுவாக இருக்கிறது என்று அளந்து பார்த்த பிறகு செய்துகொள்ளலாம்.

ஏற்கெனவே பெயரால் இணைத்து வைத்திருந்தால்

புதிதாகத் தொடங்குபவருக்கு என் பட்டியல் சின்னது: உறுப்பினர், புத்தகம், எழுத்தாளர், இரவல், புத்தக-எழுத்தாளர் நடு டேபிள் என்று ஐந்து டேபிள், எண்ணே பிரைமரி கீ, எல்லா இணைப்புக்கும் ஃபாரின் கீ, அழிக்கத் தடை, நடு டேபிளில் புத்தகப் பக்கம் மட்டும் கேஸ்கேட்.

மேலே உள்ள முதல் டேபிள் மாதிரி ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், ஒரே நாளில் உடைக்க வேண்டாம். முதலில் பிரதி எடுத்து வையுங்கள். பெயரையும் தொலைபேசியையும் சேர்த்து, இரட்டிப்பு நீக்கி ஒரு பட்டியல் எடுத்து, நூலகரோடு உட்கார்ந்து யார் யார் ஒரே ஆள் என்று முடிவு செய்யுங்கள். இந்த வேலையை எந்த க்வெரியாலும் செய்ய முடியாது. அதிலிருந்து உறுப்பினர் டேபிளை உருவாக்கி, இரவல் டேபிளில் உறுப்பினர் எண்ணுக்கு ஒரு காலி நெடுவரிசை சேர்த்து, பெயரையும் தொலைபேசியையும் பார்த்து நிரப்புங்கள். நிரம்பாமல் எத்தனை வரி மிச்சம் என்று எண்ணுங்கள். பூஜ்யம் ஆகும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். அப்புறம் ஃபாரின் கீ. பழைய பெயர் நெடுவரிசையை உடனே அழித்துவிடாமல், அதில் இனி யாரும் எழுதாதபடி மட்டும் செய்து ஒரு மாதம் வைத்திருங்கள். அதற்குள் யாராவது ஒருவர், “இந்த இரவல் என்னுடையது இல்லையே” என்று வந்து நிற்பார். அன்றைக்குப் பழைய பெயர் என்னவாக இருந்தது என்று பார்க்க வேண்டியிருக்கும்.